பிக்கப் டிரக்கை விட்டு ஆஃப்-ரோடு எஸ்யூவிக்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவ்ரோலே சில்வராடோ, டொயோட்டா டுண்ட்ரா மாதிரி ஃபுல்-சைஸ் பிக்கப் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், ஜீப் ராங்ளர், ஃபோர்டு பிராங்கோ, டொயோட்டா ஃபோர்ரன்னர், லேண்ட் க்ரூஸர் வகை வண்டிக்கு மாற நினைக்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. வண்டிகளின் எண்கள் பெரும்பாலும் தயாரிப்பாளர்கள் சொல்பவை. ஒரே வண்டியிலேயே ட்ரிம்முக்கு ட்ரிம், அதாவது வகைக்கு வகை, மாறும் என்பதால், கடைசி முடிவை நீங்கள் வாங்கப்போகும் வண்டியின் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த மாற்றம் எனக்குத் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடந்த ஒரு வருடத்தில் உங்கள் டிரக் பெட்டில் (பின்னால் திறந்திருக்கும் சரக்குத் தொட்டியில்) என்னென்ன ஏறியது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மனசாட்சியோடு எழுத வேண்டும். "எப்போதாவது தேவைப்படும்" என்பதை எழுதக் கூடாது, நிஜமாக ஏறியதை மட்டும். பலருடைய பட்டியலில் ஒரு சோபா, நான்கைந்து மூட்டை மண், ஒரு கிறிஸ்துமஸ் மரம், அப்புறம் நண்பர் வீடு மாறியபோது போன இரண்டு நடை, அவ்வளவுதான் இருக்கும். இதற்காக 19 அடி நீள வண்டியை வருடம் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை.

மாறாக, மாதத்துக்கு இரண்டு முறையாவது சரளைக்கல், மரப்பலகை, வேலைச் சாமான் ஏறுகிறது, அல்லது 7,000 பவுண்டு கேம்பர் (தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) பின்னால் வருகிறது என்றால் டிரக்கை விடாதீர்கள். ஆசை வேறு, தேவை வேறு.

இன்னொரு தாளில், போக முடியாமல் திரும்பிய பாதைகளை எழுதுங்கள். வண்டியின் நீளமும் அகலமும் காரணமாகத் திரும்பியிருந்தால், இந்தப் பக்கம் தொடர்ந்து படிக்கலாம். டயர் வழுக்கியதால் திரும்பியிருந்தால் நல்ல ஆல்-டெரெய்ன் டயர் ஒரு செட் போதும். டிரக்கை மாற்றுவதைவிட அது எவ்வளவோ மலிவு.

நீளம் குறைந்தால் காட்டுப் பாதையில் உண்மையில் என்ன வித்தியாசம்?

இதுதான் மாற்றத்தின் உயிர்நாடி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு கதவும் ஐந்தரை அடி பெட்டும் உள்ள எஃப்-150 சுமார் 232 அங்குல நீளம். அதன் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், 145 அங்குலம். நான்கு கதவு ராங்ளருக்கு 118, பிராங்கோவுக்கு 116, புதிய ஃபோர்ரன்னருக்கும் லேண்ட் க்ரூஸருக்கும் 112. இரண்டு கதவு ராங்ளர் என்றால் 97 அங்குலம்தான்.

ஒரு மேட்டின் உச்சியைக் கடக்கும்போது முன் சக்கரம் இறங்கியிருக்கும், பின் சக்கரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், வயிறு அந்த உச்சியில் தட்டும். தட்டாமல் கடக்கக்கூடிய கோணத்துக்குத்தான் பிரேக்ஓவர் ஆங்கிள் என்று பெயர். வீல்பேஸ் குறையக் குறைய அது கூடும். டிரக்கை 2 அங்குலம் தூக்கினாலும், அச்சுகளுக்கு நடுவே கூடுதலாக இருக்கும் 27 அங்குலத்தை ஈடுகட்ட முடியாது. லிஃப்ட் கிட் போட்டுவிட்டு "இன்னும் அடியில் தட்டுகிறதே" என்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்.

முன் பம்பர் இடிக்காமல் பாறையில் ஏறும் கோணம், அதாவது அப்ரோச் ஆங்கிள், நான்கு கதவு ராங்ளர் ரூபிகானுக்குச் சுமார் 44 டிகிரி. சாதாரண ஃபுல்-சைஸ் டிரக்குக்கு அது 25க்கு அக்கம்பக்கம். ஓர் ஓடைக்குள் இறங்கி எதிர்க்கரையில் ஏறும்போது டிரக்கின் முன்பக்கப் பிளாஸ்டிக் முதலில் மண்ணைத் தோண்டும். பின்னாலேயே டிரெய்லர் மாட்டும் ஹிட்ச் உரசும்.

அடுத்தது அகலம். எஃப்-150 கண்ணாடிகள் இல்லாமல் சுமார் 80 அங்குலம், கண்ணாடிகளோடு 96. முழுசாக எட்டு அடி. ராங்ளரின் உடல் அகலம் சுமார் 74. கதவின் ஓரத்தில் கிளைகள் கீறிக்கொண்டு வரும் சத்தம் கேட்டவர்களுக்கு இந்த ஆறு அங்குலத்தின் அருமை தெரியும். கலிஃபோர்னியாவில் ஜார்ஜ்டவுனுக்கும் டாஹோ ஏரிக்கும் நடுவே இருக்கும் ரூபிகான் டிரெயில் 22 மைல்தான், ஆனால் பாறைகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து நுழைத்து எடுக்க வேண்டிய இடம். கொலராடோவில் பிளாக் பேர் பாஸிலிருந்து டெலுரைட் பக்கம் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் நீள வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. பள்ளத்தின் விளிம்பில் முன்னும் பின்னும் எடுத்து எடுத்துத் திருப்ப வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவர் அதற்கப்புறம் உங்களோடு பேசுவாரா என்பது தனிக் கேள்வி.

அப்படியானால் டிரக் எல்லா இடத்திலும் மோசமா?

இல்லவே இல்லை. நீள வீல்பேஸ் செங்குத்தான ஏற்றத்தில் நிலையாக நிற்கும், குட்டை வண்டிதான் முன்பக்கம் லேசாகித் தூக்கப் பார்க்கும். அகலமான மணல் வெளியில், பாலைவன மண் சாலையில் வேகமாகப் போக டிரக் அருமை. எஃப்-150 ராப்டர் போன்றவை அதற்காகவே செய்யப்பட்டவை. யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் இருக்கும் 100 மைல் ஒயிட் ரிம் சாலையில் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) உள்ள டிரக் தாராளமாகப் போகும். அங்கே ஒரே நாளில் போய்வருவதாக இருந்தாலும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

உங்கள் பயணம் எல்லாம் இப்படிப்பட்ட சாலைகளில்தான் என்றால், எஸ்யூவி வாங்கி என்ன சாதிக்கப் போகிறீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்.

எஸ்யூவிக்கு வந்தவர்கள் எதில் அதிகம் ஏமாறுகிறார்கள்?

பேலோடில். இழுக்கும் திறன் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். சுமக்கும் திறன் இவ்வளவு குறையும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பார்க்க முரட்டு வண்டி, பெரிய டயர், தடித்த பம்பர். ஆனால் நான்கு கதவு ராங்ளர்கள் பலவற்றின் பேலோட் 1,000 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் டிரக்கின் ஸ்டிக்கரில் 1,500 முதல் 1,900 வரை இருந்திருக்கலாம்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்தம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். பயணிகள், சரக்கு இரண்டும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்தான் வேதவாக்கு. விளம்பரத்தில் வருவது, கூடுதல் வசதி எதுவும் இல்லாத மொட்டை வண்டியின் எண்.

ஸ்டிக்கரில் 1,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள்: 460. இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கருவி) கூட்டிய எடை: 150. கூரை மேல் விரிக்கும் டெண்ட்: 150. அதைத் தாங்கும் ரேக்: 70. பத்து கேலன் தண்ணீர், கேலனுக்கு 8.3 பவுண்டு வீதம்: 83. சின்ன ஃப்ரிட்ஜும் அதற்குள் இருக்கும் சாப்பாடும்: 80. கூட்டினால் 993. இன்னும் துணிப்பை ஏறவில்லை, அடுப்பு ஏறவில்லை, டூல் பாக்ஸ் ஏறவில்லை, நாயும் வெளியே நிற்கிறது. நிரம்பிய பெட்ரோல் டாங்க் ஏற்கெனவே வண்டியின் எடையில் சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான் ஆறுதல்.

இதே சாமான் 1,700 பவுண்டு ஸ்டிக்கர் உள்ள டிரக்கில் ஏறினால் 700 பவுண்டு மிச்சம் இருக்கும். டிரக்கில் பழகியவர் எடையைப் பற்றி யோசிக்காமலே ஏற்றுவார். எஸ்யூவியில் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். அளவைத் தாண்டினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், பின்பக்கம் தொங்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், டயர் சூடேறும்.

என் கருத்து: எடை கூட்டும் அலங்காரங்களில் முதலில் வெட்ட வேண்டியது கூரை டெண்ட். எடையையும் கூட்டுகிறது, அதையும் வண்டியின் உச்சந்தலையில் வைக்கிறது. சாய்வான பாதையில் அது நன்றாகவே தெரியும். தரையில் போடும் டெண்ட் 20 பவுண்டுதான்.

என் டிரெய்லரை இழுக்குமா?

எஃப்-150 சரியான என்ஜினும் டோயிங் பேக்கேஜும் இருந்தால் 13,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும். எஸ்யூவி பக்கம் கீழிருந்து மேலே போவோம். இரண்டு கதவு ராங்ளர் 2,000, நான்கு கதவு 3,500. 2024 முதல் நான்கு கதவு ரூபிகானில் சில மட்டும் 5,000 வரை. பிராங்கோ 3,500, அதன் ராப்டர் வகை 4,500. ஆறாம் தலைமுறை ஃபோர்ரன்னரும் லேண்ட் க்ரூஸரும் 6,000. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 சுமார் 8,200. லெக்ஸஸ் ஜிஎக்ஸ் 550-இல் சில வகைகள் 9,000-க்கும் மேல்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் அழுத்தும். அந்த அழுத்தமும் பேலோடில்தான் சேரும். 3,500 பவுண்டு டிரெய்லர் என்றால் 350 முதல் 525 பவுண்டு. அதோடு மேலே சொன்ன நான்கு பேர் குடும்பத்தின் 460-ஐக் கூட்டுங்கள். ஆயிரம் பவுண்டு ஸ்டிக்கர் அங்கேயே கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். அதாவது டிரெய்லரை இழுக்கலாம், வண்டிக்குள் வேறு எதையும் வைக்க முடியாது.

இன்னொரு விஷயம் காற்று. உயரமான கேம்பரின் முகப்பு, எடை குறைவாக இருந்தாலும், காற்றை எதிர்த்து நிற்கும். சில வண்டிகளின் கையேட்டில் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கே வரம்பு இருக்கும். நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போகும்போது நீள டிரக் லேசாக அசையும், குட்டை வண்டியை டிரெய்லர் வாலாட்ட வைக்கும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும் ஹிட்ச் போடலாமா கூடாதா என்பதையும் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

4,000 பவுண்டுக்கு மேல் அடிக்கடி இழுப்பவர் ராங்ளரையும் பிராங்கோவையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நேரே ஜிஎக்ஸ், டிஃபெண்டர், லேண்ட் க்ரூஸர் பக்கம் போங்கள்.

டிரக் பெட் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

முதல் ஒரு மாதம் கை ஒடிந்த மாதிரிதான் இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

நாலுக்கு எட்டு அடி பிளைவுட் ஃபுல்-சைஸ் டிரக்கின் சக்கர வளைவுகளுக்கு நடுவே தட்டையாகப் படுக்கும். எஸ்யூவிக்குள் அது நுழையாது. இதற்கு நல்ல மாற்று சின்ன யூட்டிலிட்டி டிரெய்லர். ஐந்துக்கு எட்டு அடி டிரெய்லர் ஒன்று இருந்தால் டிரக் செய்த வீட்டு வேலைகளில் பெரும்பகுதி நடந்துவிடும். பெட்டைவிடத் தாழ்வாக இருப்பதால் ஏற்றி இறக்குவதும் சுலபம். அதை நிறுத்த இடம் வேண்டும், அதுதான் தொல்லை. இடம் இல்லாதவர்கள் ஹோம் டிப்போ போன்ற கடைகளில் மணிக்கணக்கில் டிரக்கை வாடகைக்கு எடுக்கலாம்.

டிரக்கில் இருந்தவரை யோசிக்காத ஒன்று வாசனை. பெட்டில் போட்டால் காற்றோடு போயிருக்கும் எல்லாம் இப்போது உங்களோடு உள்ளே உட்காரும்: குப்பை மூட்டை, மீன் பெட்டி, சேற்று பூட்ஸ், நனைந்த நாய். ஓரம் உயர்ந்த ரப்பர் மேட் ஒன்றை முதல் நாளே வாங்கிப் போடுங்கள்.

பெட்ரோல் கேனையும் புரொப்பேன் சிலிண்டரையும் வண்டிக்குள் வைத்துப் பயணம் செய்யவே கூடாது. ஆவி மூடிய இடத்தில் தேங்கும், ஒரு பொறி போதும். வெளியே பூட்டி வைக்கும் தாங்கி வேண்டும். பின்னால் ஹிட்ச்சில் மாட்டும் தட்டில் பெட்ரோல் கேனை வைக்காதீர்கள், பின்னால் ஒருவர் வந்து இடித்தால் முதலில் நசுங்குவது அதுதான்.

உள்ளே இருக்கும் சாமானைக் கட்டிப் போடுவதும் புதுப் பழக்கமாக வர வேண்டும். டிரக்கில் பெட்டுக்கும் உங்களுக்கும் நடுவே இரும்புச் சுவர் இருந்தது. எஸ்யூவியில் திடீர் பிரேக் போட்டால் கூலர் பெட்டி உங்கள் பின்னந்தலையைத் தேடி வரும். தரையில் இருக்கும் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்குங்கள், சீட்டுக்குப் பின்னால் வலைத்தடுப்பு போடுங்கள்.

சரி, எதை வாங்குவது?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஆனாலும் மழுப்பாமல் சொல்லப் பார்க்கிறேன்.

பாறை ஏறுவதுதான் முக்கியம் என்றால் ராங்ளர் ரூபிகான். முன்னும் பின்னும் லாக்கர் (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழல வைப்பது), பட்டனைத் தட்டினால் கழலும் முன் ஸ்வே பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் தண்டு), 4:1 லோ ரேஞ்ச். மற்ற ராங்ளர்களில் லோ ரேஞ்ச் 2.72:1தான். முன் அச்சு ஒரே தண்டாக இருப்பதால் ஒரு சக்கரம் ஏறும்போது மறு சக்கரம் கீழே அழுந்தும், பாறையில் பிடி விடாது. அதே அச்சுதான் நெடுஞ்சாலையில் அலைபாயவும் வைக்கும்.

பிராங்கோவின் முன் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருப்பதால் வேகமான மண் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் ராங்ளரைவிட நிதானமாக ஓடும். சாஸ்க்வாச் பேக்கேஜ் எடுத்தால் 35 அங்குல டயரும் இரண்டு லாக்கரும் தொழிற்சாலையிலேயே வந்துவிடும். இரண்டிலும் கூரையைக் கழற்றலாம், கதவைக் கழற்றலாம். இது தேவையே இல்லை என்பவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் கழற்றும் கூரைக்காகக் காற்றுச் சத்தத்தையும் சில நேரம் மழை ஒழுக்கையும் பொறுத்துக்கொள்கிறோம்.

வாரம் முழுக்க அலுவலகம், பள்ளி, கடை. விடுமுறையில் காடு என்றால் ஃபோர்ரன்னர் அல்லது லேண்ட் க்ரூஸர். டிரக்கிலிருந்து வரும் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது இந்தப் பக்கம்தான். பணம் தாராளமாக இருந்தால் ஜிஎக்ஸ். டிஃபெண்டர் அழகு, வசதி, 35 அங்குல ஆழத் தண்ணீரிலும் இறங்கும். ஆனால் ஏர் சஸ்பென்ஷன் பழுதானால் நடுக்காட்டில் கையால் சரிசெய்ய ஒன்றும் இல்லை. டீலர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

4எச், 4ஏ, ஃபுல்-டைம் என்றெல்லாம் சொல்கிறார்களே, எது வேண்டும்?

தேவைப்படும்போது மட்டும் போடும் பார்ட்-டைம் ஃபோர்-வீல் டிரைவில் 4எச் (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இயக்கம்) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் இரண்டும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், ஓட முடியாது. மண்ணிலோ பனியிலோ டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் சாலையில் வழுக்க வழியில்லாமல் கியர்களில் முறுக்கு ஏறும், வண்டி துள்ளும், கடைசியில் ஏதாவது உடையும்.

பாதி ஈரம் பாதி காய்ந்த சாலை, பாலத்தில் மட்டும் பனி என்று ஓட்டும் ஊர்களில் 4ஏ (தேவைக்கேற்பத் தானாக முன் சக்கரங்களையும் இயக்குவது) அல்லது ஃபுல்-டைம் (எப்போதும் நான்கு சக்கரமும் இயங்குவது) இருப்பது நிம்மதி. லேண்ட் க்ரூஸர் எப்போதும் ஃபுல்-டைம்தான், முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியலைத் தேவைப்படும்போது பூட்டிக்கொள்ளலாம். ராங்ளர், பிராங்கோ, ஃபோர்ரன்னர் மூன்றிலும் அடிப்படை வகைகள் பார்ட்-டைம். மேல் வகைகளில் மற்றது கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு நன்மை எல்லா எஸ்யூவிக்கும் பொது: காலி டிரக்கின் பின்பக்கம் லேசாக இருப்பதால் மழையில் பின் சக்கரம் சறுக்கும், பனிக்காலத்தில் பெட்டில் மணல் மூட்டை போட்டுக்கொண்டு திரிவோம். அந்தத் தொல்லை இனி இல்லை.

பெட்ரோல் மிச்சமாகுமா?

பெரிதாக ஆகாது. சாஸ்க்வாச் பிராங்கோ 2.7 லிட்டர் என்ஜினோடு கேலனுக்கு 17 மைல். நான்கு சக்கர இயக்கமுள்ள எஃப்-150 அதே 2.7 லிட்டரில் 20-ஐ ஒட்டித் தரும். செங்கல் வடிவம், பெரிய டயர், காற்றோடு சண்டை. ஹைபிரிட் லேண்ட் க்ரூஸர் 23 தருகிறது.

டாங்க் அளவையும் பாருங்கள். எஃப்-150-இல் 36 கேலன் டாங்க் கிடைக்கும், ஒருமுறை நிரப்பினால் 700 மைல். லேண்ட் க்ரூஸரின் டாங்க் 18 கேலனுக்குச் சற்றுக் குறைவு, 400 மைல்தான். பெட்ரோல் பங்க் இல்லாத நீள வழிகளில் இது கணக்கில் வரும்.

நெடுஞ்சாலையில் ஓட்ட எப்படி இருக்கும்?

ஃபுல்-சைஸ் டிரக்கிலிருந்து ராங்ளருக்கு வருபவர்கள் முதல் வாரம் வாடிவிடுவார்கள். ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், 70 மைலில் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டும். ஒரே தண்டு முன் அச்சுள்ள வண்டிகளில், டிராக் பார் போல்ட் தளர்ந்தாலோ பால் ஜாயிண்ட் தேய்ந்தாலோ, ஒரு சின்ன மேட்டில் இடித்ததும் முன்பக்கம் கடகடவென்று ஆட ஆரம்பிக்கும். டெத் வாபுள் என்பார்கள். வந்தால் பதறாமல் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்த வேண்டும். பழைய ராங்ளர், அதிலும் லிஃப்ட் போட்டது வாங்கும்போது முன் அச்சை நன்கு பரிசோதியுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ஐஐஎச்எஸ் என்ற காப்பீட்டு நிறுவனங்களின் சோதனை மையம் 2019 மாடல் நான்கு கதவு ராங்ளரை ஓட்டுநர் பக்க முனையில் மோத வைத்தபோது, வண்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. முடிவு 2020-இல் வெளிவந்தது. தினமும் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வாங்க நினைக்கும் மாடலின் மதிப்பெண்ணை அந்த மையத்தின் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

பின் சீட்டில் உட்கார்பவர்கள் திட்டுவார்களா?

திட்டுவார்கள். நான்கு கதவு எஃப்-150-ஆன சூப்பர்க்ரூவில் பின்சீட்டுக் கால் இடம் 43.6 அங்குலம், நான்கு கதவு ராங்ளரில் 38.3. ஃபோர்ரன்னரில் இன்னும் குறைவு. பின்னோக்கி உட்காரும் குழந்தை சீட் இருந்தால் அதைக் கையோடு எடுத்துப்போய் ஷோரூமிலேயே மாட்டிப் பாருங்கள். அதைப் பொருத்திய பின் முன் சீட்டில் உங்கள் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறதா என்பதுதான் சோதனை. இரண்டு கதவு வண்டி குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

கராஜில் நிற்குமா?

நிற்கும். 20 அடி ஆழ கராஜில் 19.3 அடி டிரக்கை நுழைத்துவிட்டு ஓரமாக ஊர்ந்து போன காலம் முடிந்தது. ராங்ளர், ஃபோர்ரன்னர் எல்லாம் 16 அடியை ஒட்டித்தான். கூரை ரேக் போட்டிருந்தால் மட்டும் கதவின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

டிரக்கை டீலரிடம் கொடுத்து மாற்றுவதா, தனியாக விற்பதா?

தனியாக விற்றால் பொதுவாகக் கூடுதல் விலை கிடைக்கும். ஆனால் பல மாநிலங்களில் டிரேட்-இன் செய்தால், புது வண்டி விலையில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த பிறகுதான் விற்பனை வரி போடுவார்கள். 60,000 டாலர் வண்டி, 35,000 டாலர் டிரக், 7 சதவீத வரி என்றால் மிச்சம் 2,450 டாலர். தனியாக விற்பதில் கிடைக்கும் கூடுதல் தொகை அதைத் தாண்டினால்தான் அலைச்சலுக்கு அர்த்தம். கலிஃபோர்னியாவில் இந்தச் சலுகை கிடையாது.

டிரக் கடன் பாக்கி, டிரக்கின் மதிப்பைவிட அதிகமாக இருந்தால் இப்போது மாறாதீர்கள். அந்தப் பள்ளத்தைப் புதுக் கடனில் சேர்த்துத் தருகிறேன் என்பார் விற்பனையாளர், சிரித்த முகத்தோடு. விற்றுவிட்ட வண்டிக்கு இன்னும் ஆறு வருடம் தவணை கட்டுவீர்கள்.

டிரக்கைத் தொழிலுக்குப் பயன்படுத்தி வரியில் கழித்திருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 179-இன் கீழ், மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்கு மேல் உள்ள எஸ்யூவிக்கு 2025-இல் 31,300 டாலர்தான் உச்சவரம்பு. ஆறு அடிக்குக் குறையாத பெட் உள்ள டிரக்குக்கு அந்த வரம்பு இல்லை. முன்பு கழித்த டிரக்கை இப்போது விற்றால் அந்தத் தொகைக்கு நீங்கள் வரி கட்ட வேண்டி வரலாம். கையெழுத்துப் போடும் முன் கணக்காளரிடம் ஒரு போன் பேசிவிடுங்கள்.

நடுவில் ஏதாவது வழி இருக்கிறதா?

டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர் மாதிரி மிட்-சைஸ் டிரக்குகள் உண்டு. ராங்ளர் முகமும் டிரக் பெட்டும் சேர்ந்த ஜீப் கிளாடியேட்டரும் உண்டு, ஆனால் அதன் வீல்பேஸ் 137 அங்குலம். நீளம்தான் உங்கள் தலைவலி என்றால் அது தீர்வாகாது. பெட் வேண்டும், அகலம் மட்டும் குறைந்தால் போதும் என்பவர்களுக்கு மிட்-சைஸ் டிரக் எஸ்யூவியைவிட நல்ல முடிவு.

வாங்கியதும் முதலில் என்ன மாற்ற வேண்டும்?

முதல் ஆறு மாதம் ஒன்றும் மாற்றாதீர்கள். லிஃப்ட், 37 அங்குல டயர், லைட் பார் என்று ஆரம்பித்தால் முடிவே கிடையாது, முன்பு சொன்ன பேலோடும் கரையும்.

டயர் காற்றுமானி, கையடக்கக் கம்ப்ரெசர், மண்வாரி, இழுவைப் பட்டை, இரண்டு சாஃப்ட் ஷேக்கில் (பட்டையை வண்டியோடு இணைக்கும் கயிற்று வளையம்) வாங்குங்கள். மண்ணிலும் பாறையிலும் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐயிலிருந்து 20-க்கு அருகே இறக்கினால் டயர் தட்டையாகி அதிகம் பிடிக்கும். வண்டியே மாறின மாதிரி இருக்கும், செலவு ஒன்றும் இல்லை. தார் சாலைக்குத் திரும்பும் முன் காற்றை நிரப்பிவிட வேண்டும். இழுக்க நேர்ந்தால் வண்டியின் ரிக்கவரி கொக்கியில்தான் பட்டையை மாட்ட வேண்டும். ஹிட்ச் பந்தில் மாட்டாதீர்கள், அது உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆளைக் கொன்றிருக்கிறது.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது?

விற்பனையாளர் காட்டும் வழியில் பத்து நிமிடம் சுற்றினால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டக் கேளுங்கள். குடும்பத்தில் உயரமானவரைப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். நீங்கள் வழக்கமாக எடுத்துப்போகும் கூலர், பெட்டி, சைக்கிள் ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பாருங்கள். பின் கதவு பக்கவாட்டில் திறக்கும் வண்டி என்றால், பின்னால் எவ்வளவு இடம் விட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். லாக்கரையும் லோ ரேஞ்சையும் ஒருமுறை போட்டு எடுக்கச் சொல்லுங்கள், பழைய வண்டியில் பல மாதம் தொடாமல் இருந்தால் அவை சிக்கிக்கொள்ளும். கதவைத் திறந்து பேலோட் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலை பேச உட்காரும் முன் வீட்டுக்கு வந்து உங்கள் சாமானை எடைபோட்டு, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.